தொட்டால் சுடாத குழாயில் கொதிக்கும் தண்ணீர்

“நல்ல வெயிலில் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. டேங்கில் இருந்து வரும் தண்ணீரிலோ கை வைக்க முடியவில்லை. வெயில் எந்த வழியாகத்தான் உள்ளே போகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் தொட்டுப் பார்த்தது சரியான இடம். சூரிய சுடுநீர்க் கருவியின் முழு ரகசியமும் அந்தச் சுடாத கண்ணாடியில்தான் இருக்கிறது.

பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரண்டு குழாய். ஒன்றை இன்னொன்றுக்குள் செருகி, வாய்ப்பக்கம் உருக்கி ஒட்டி, நடுவில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். 1892ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டிவார் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின், அதாவது நம் தெர்மாஸ் ஃப்ளாஸ்க்கின், அதே அமைப்பு. காற்று இல்லாத இடத்தில் வெப்பம் கடத்தலாலும் போகாது, காற்றோ நீரோ நகர்ந்து சூட்டைச் சுமந்துபோகும் சலனத்தாலும் போகாது. குழாயின் மூடிய அடிமுனையைப் பாருங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி போல வெள்ளிப் பளபளப்பு தெரியும். அது பேரியம் படலம். மிச்சம் மீதி வாயு கசிந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. குழாயில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்தப் பளபளப்பு போய்ப் பால் போல வெளுத்துவிடும். எந்தக் குழாய் கெட்டது என்று கண்டுபிடிக்க வேறு சோதனையே தேவையில்லை.

சரி, கடத்தலும் சலனமும் அடைபட்டன. மூன்றாவது வழியான கதிர்வீச்சை வெற்றிடம் தடுக்காதே? வெயில் உள்ளே வருவதே அந்த வழியில்தான். வந்த வழியே வெப்பம் திரும்பிப் போகலாம் அல்லவா? போகும், தாராளமாகவே போகும். உள்குழாய்க்குச் சாதாரணக் கறுப்புப் பெயின்ட் அடித்தோம் என்று வையுங்கள். 80 டிகிரி செல்சியஸில் அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 880 வாட்டை அகச்சிவப்புக் கதிர்களாகக் கொட்டும். சுற்றுப்புறத்திலிருந்து திரும்பக் கிடைப்பதைக் கழித்தாலும் 400 வாட்டுக்கு மேல் நட்டம். உச்சி வெயில் தருவதே சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட்தான். அந்த அகச்சிவப்பைக் கண்ணாடி ஊடுருவவும் விடாது. ஆகவே வெளிக்குழாய் அதை விழுங்கிச் சூடேறும், தொட்டால் தெரியும். நம் வாசகருக்குத் தெரியவில்லை. உள்ளே இருப்பது வேறு மாதிரியான கறுப்பு.

நன்றாக உறிஞ்சும் பொருள் நன்றாகவே உமிழும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃபின் விதி. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாகத்தான் அது பொருந்தும். சூரியன் சுமார் 5,500 டிகிரி சூட்டில் எரிவதால் அதன் ஒளி 0.5 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் தொடுகிறது. 80 டிகிரிக் குழாய் உமிழ்வதோ 8 மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் 0.5ல் கறுப்பாகவும் 8ல் பளபளப்பான உலோகமாகவும் இருக்கும் ஒரு பரப்பைச் செய்தால்? எந்த விதியும் குறுக்கே நிற்காது! இஸ்ரேலின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஹாரி டாபோர் 1950களில் செய்து காட்டியது இதைத்தான்.

நம் உள்குழாயின் மேல் இருப்பதும் அப்படிப்பட்ட பரப்புதான். அடியில் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம். அதன்மேல் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கருநிறப் பூச்சு. இன்றைய குழாய்களில் பெரும்பாலும் அலுமினிய நைட்ரைடும் உலோகத் துகளும் கலந்தது. சாலையில் உள்ள சிறு குழி சைக்கிள் சக்கரத்தை உள்ளே இழுத்து உலுக்கிவிடும்; டிராக்டர் சக்கரம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் உருண்டு போகும். அதைப் போலவே சூரிய ஒளியின் குட்டையான அலைகள் பூச்சில் மாட்டிக்கொள்கின்றன. நீளமான அகச்சிவப்புக்கு இவ்வளவு மெல்லிய பூச்சு இல்லாத மாதிரி. அடியில் இருக்கும் உலோகம்தான் அதற்குத் தெரியும். உலோகம் மோசமான உமிழ்ப்பான். விளைவு, வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே, கரும்பரப்பு உமிழ்வதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வெளியே. எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சலிக்காத ஏற்பாடு இது.

1859ல் கிர்க்காஃப் அந்த விதியைச் சொன்னபோது குளியலறை அவர் நினைவில் இருந்திருக்காது. ‘இதனால் இன்ன பயன்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதிக்கொடுக்கும் ஆய்வுக்கு மட்டுமே பணம் என்ற நடைமுறை எனக்கு ஒப்பாதது இதனால்தான்.

மற்றதெல்லாம் எளிது. தண்ணீர் இருப்பது உள்குழாய்க்குள். அதை மேலே உள்ள டேங்குக்கு ஏற்றப் பம்ப் கிடையாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 998 கிராம், 60 டிகிரியில் 983 கிராம். அந்த 15 கிராம் வித்தியாசம் போதும். சாய்ந்த குழாயின் மேல்சுவரை ஒட்டிச் சுடுநீர் டேங்குக்கு ஏற, அடிச்சுவரை ஒட்டிக் குளிர்ந்த நீர் வழுக்கி இறங்கும். டேங்க் மேலே இருப்பதால் ராத்திரி இந்த ஓட்டம் தானாக நின்றுவிடும்.

பயனையும் கணக்காகவே பார்ப்போம். 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் வேண்டும். வெயில் அடிக்கும் ஒவ்வொரு நாளும் அது மிச்சம். நல்ல சோலார் பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது; இந்தக் குழாய்கள் பாதியளவாவது வெப்பமாகச் சேர்க்கின்றன. கூரையில் இடம் குறைவு, தேவை சுடுநீர் மட்டும் என்றால் நான் குழாயைத்தான் சொல்வேன்.

மேகமூட்டத்துக்கென டேங்கில் மின் காயில் இருந்தால் அதைக் காலையிலேயே போட்டுவிடாதீர்கள், அப்புறம் வெயிலுக்கு வேலையே இருக்காது. பொழுது சாய்ந்தபின் சூடு போதாவிட்டால் போடுங்கள். வெயிலில் காலியாகக் கிடக்கும் குழாய் 200 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். டேங்க் வற்றியிருந்தால் விடியற்காலையில் நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் என்றால் அவ்வப்போது குழாயைக் கழற்றி அடியில் படிந்த காரையைக் கழுவ வேண்டும்.