வெளிநாட்டு நாய்க்குக் கொழும்பில் முதல் வருடம்

"ஜெர்மனியில தத்தெடுத்த நாய் டொக்டர், எல்லா ஊசியும் போட்டாச்சு, ஒரு வருத்தமும் வராது." ஊர் திரும்பும் குடும்பங்கள் என் கிளினிக்கில் வழக்கமாகச் சொல்வது இது. தடுப்பூசிப் புத்தகமும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கொழும்பில் இந்த நாய்களைப் படுக்கையில் போடும் வருத்தத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஊசி இல்லை. அது உண்ணிக் காய்ச்சல்.

இங்குள்ள பழுப்பு உண்ணிக்குப் புல்வெளி தேவையில்லை. சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் குடியிருந்து அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறோம் என்று நிம்மதியடைய வழியில்லை. உண்ணிகள் பரப்பும் பபீசியா, எர்லிக்கியா கிருமிகளோடு நம் தெரு நாய்கள் குட்டியிலிருந்தே மல்லுக்கட்டிப் பழகியவை. (அவையும் சாகத்தான் செய்கின்றன, யாரும் கணக்கு வைப்பதில்லை.) வெளியிலிருந்து வந்த நாய்க்கு அந்தப் பழக்கமே கிடையாது.

உண்ணி கடித்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு நாய் சாப்பாட்டை விலக்கித் தரையில் படுத்துக்கிடக்கும். "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, பழைய வீட்டு நினைப்பு" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அப்படி விடாமல் மேலுதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியிருந்தாலோ, சிறுநீர் பிளேன்டி (பால் போடாத தேநீர்) நிறத்தில் போனாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ அன்றைக்கே கொண்டுவாருங்கள். பனடோல் கொடுக்க வேண்டாம், ஈரலைக் கெடுத்துவிடும். உண்ணித் தடுப்பு மாத்திரையை மாதக் கணக்குத் தவறாமல் வருடம் முழுக்கக் கொடுங்கள். பனிக்காலத்தில் நிறுத்தும் வழக்கம் அந்த நாட்டோடு போகட்டும்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. சொறிக்கும் உண்ணிக்கும் இங்கே ஐவர்மெக்டின் ஊசி சர்வசாதாரணம். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற ஆட்டுமந்தை நாய்கள் சிலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் கோளாறு உண்டு. அவற்றில் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து தள்ளாட்டம், வலிப்பு, சில நேரம் மரணம்வரை போகும். காப்பகத்திலிருந்து எடுத்த கலப்பு நாயின் தாய் தகப்பன் யாரென்று யாருக்குத் தெரியும்? எந்த வைத்தியரிடம் போனாலும் ஊசிக்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

வெயிலைவிடக் கொழும்பின் புழுக்கம்தான் கொடியது. நாய் இரைத்து இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். ஈரக்காற்றில் அது சரியாக எடுபடாது. மரைன் டிரைவில் நடத்துவதானால் வெயில் ஏறும் முன்பே கூட்டிப்போங்கள். நாயின் உடற்சூடு சாதாரணமாக 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கு முன் கிடத்தி, அப்புறம் வண்டி பிடியுங்கள். ஈரத் துவாயால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

சத்தங்களுக்கும் பழக வேண்டும்: சித்திரை வெடி, மாலை இடி, கடற்கரை ரயில். பாண் விற்க வரும் சூன் பாண் த்ரீவீலரின் பாட்டுக்குக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும் நாய்கள் உண்டு. திட்ட வேண்டாம். பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு கோழியிறைச்சி கொடுத்துவந்தால் பெரும்பாலானவை மெல்ல மெல்லத் தேறும்.

கடைசியாக விசர்நாய் ஊசி. வெளிநாட்டு ஊசி சில மூன்று வருடம் செல்லும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். நோய் இன்னும் ஒழியாத இந்த நாட்டில் வருடாவருடம் போடுவதே என் ஆலோசனை. ஐரோப்பாவுக்கு நாயோடு திரும்பும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகாவது இருப்பதைக் காட்டும் பரிசோதனையை அங்கிருந்து கிளம்பும் முன்பே செய்து நாயின் கடவுச்சீட்டில் பதிந்திருந்தால், திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. ஆனால் இடையில் ஊசித் தேதி தவறினால் பரிசோதனை, காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. அந்தத் தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள்.