பெற்றவள் கண்ணும் பொருத்தமும்

"டாக்டரம்மா, என் கண்ணில் ஒன்றை எடுத்து இவனுக்கு வையுங்கள். பெற்றவள் கண் ஒத்துப்போகாமலா போய்விடும்?"

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த தாய் கேட்டார். கரும்பு வெட்டும்போது சோகை கண்ணைக் கீறியிருக்கிறது. பச்சிலைச் சாறு ஊற்றிப் பார்த்ததில் புண் ஆழமாகிவிட்டது. புண் ஆறியபோது, கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு. மூன்று பக்கமிருந்தும் அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள்.

வேலூர்க்காரர்களுக்குப் 'பொருத்தம்' புதிய சொல் அல்ல. உறவினர் தந்த சிறுநீரகத்தை இந்தியாவில் முதலில் வெற்றிகரமாகப் பொருத்தியது 1971இல், இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அந்தக் கணக்கைக் கண்ணுக்கும் போடுகிறார்கள். ஆனால் உயிரோடு இருப்பவரின் நல்ல கண்ணிலிருந்து கருவிழியை நாங்கள் எடுப்பதில்லை. திசு அடையாளத்திலும் தாய்க்கும் பிள்ளைக்கும் உறுதியாக ஒத்துப்போவது பாதிதான்.

நல்ல கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள அது கண்ணீர் வழியாக ஆக்சிஜனையும், கண்ணுக்குள் ஊறும் நீரிலிருந்து உணவையும் பெறுகிறது. ரத்தம் எட்டாத இடம் என்பதால், அயல் திசு வந்திருப்பதை உடலின் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் சாதாரணமாகத் திசுப் பொருத்தம் பார்க்காமலே தானக் கருவிழியை வைக்கிறோம். இந்த மகனின் கண்ணிலோ குழாய்கள் பாதை போட்டுவிட்டன. கருவிழியின் நான்கு கால்பகுதிகளில் இரண்டிலோ அதற்கு மேலோ குழாய் ஏறியிருந்தாலோ, முன்பு வைத்த கருவிழியை உடல் நிராகரித்திருந்தாலோ அது ஆபத்து மிகுந்த கண்.

அங்காவது பொருத்தம் பார்க்கலாமே? அத்தகைய கண்களை மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1992இல் வெளியானது. எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளப் பொருத்தத்தால் பலன் தெரியவில்லை. ரத்த வகை ஒத்திருந்தால் ஓரளவு நன்மை இருக்கலாம் என்றது. ஐரோப்பிய ஆய்வுகள் சில எச்.எல்.ஏ. பொருத்தத்துக்குச் சாதகமாகவும் வந்திருக்கின்றன. என் மனத்தில் நின்றது வேறொன்று. அமெரிக்க ஆய்வில் நோயாளிகள், நிராகரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தீவிரமாக விட்டார்கள், தவறாமல் பரிசோதனைக்கு வந்தார்கள். வைத்த கருவிழி நிலைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அந்த மகனுக்கு அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. எட்டாம் மாதம், கண்ணில் தூசி விழுந்ததுபோல் உறுத்தியிருக்கிறது. மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டு, ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போய்வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள்.

விளக்குக் கருவியில் பார்த்தேன். முடியைவிட மெல்லிய நைலான் தையல் ஒன்று தளர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சளி ஒட்டியிருந்தது. அதை நோக்கி ஒரு ரத்தக் குழாய் ஏறியிருந்தது. கருவிழியின் உட்புறத்தில் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் கோடாக அணிவகுத்து நின்றன. ஈரானியக் கண் மருத்துவர் கொதாதூஸ்ட் பெயரால் அறியப்படும் நிராகரிப்புக் கோடு அது. கோடு கடந்து வந்த பகுதி ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கியிருந்தது. கருவிழியிலிருந்து நீரை இறைத்து அதைத் தெளிவாக வைத்திருக்கும் உட்புறச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. முதல் நாளே வந்திருந்தால் அந்தத் தையலை எடுத்து, மணிக்கொரு முறை ஸ்டீராய்டு விட்டுக் காப்பாற்ற முயன்றிருக்கலாம். ஒன்பது நாளில் கோடு பாதிக்கு மேல் போய்விட்டது. அடுத்த முறை வைக்கும் கருவிழிக்கு ஆபத்து இதைவிட அதிகம். அந்தத் தாயிடம் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

கருவிழி மாற்றிக்கொண்டவர்கள் கண் சிவந்தாலும், வெளிச்சம் பட்டுக் கூசினாலும், பார்வை மங்கினாலும், வலித்தாலும், இவற்றில் ஒன்று போதும், அன்றே வாருங்கள். மருந்து தீர்ந்துவிட்டது, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் அளந்து பார்க்கவும் வர வேண்டும். தினமும் காலையில் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, சுவரிலுள்ள தினசரிக் காலண்டரின் தேதியை ஒரே தூரத்தில் நின்று பாருங்கள். நேற்றுத் தெளிவாகத் தெரிந்தது இன்று மங்கலாகத் தெரிந்தால், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.