தயவுசெய்து அந்தப் பந்தைத் துடைக்காதீர்கள்

துடைத்துக் கெடுத்த பழைய கூடைப்பந்து, இந்த வருடத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு தம்பி, பழைய பொருட்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் என் பட்டறைக்கு வந்தார். பாஸ்டன் பக்கம் கணினி வேலை. சனி, ஞாயிறுகளில் பழைய வீடுகளைக் காலி செய்யும் விற்பனைகளுக்குப் போய், கூடைப்பந்தின் ஆரம்ப காலத்துப் பொருட்களைத் தேடித் தேடி வாங்குகிறவர். மேற்கு மாசசூசெட்ஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த தோல் பந்தை நாற்பது டாலருக்கு வாங்கியிருக்கிறார். அதை என் மேசைமேல் வைத்தார். தீபாவளிக்கு எடுத்த புதுச் செருப்பு மாதிரி மின்னியது. ஒரு பக்கத் தையல் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

“ரொம்ப அழுக்கா இருந்துச்சுக்கா. குதிரைச் சேணத்துக்குப் போடுற சோப்பு போட்டுத் துடைச்சேன். எண்ணெய் தடவி, மேல கொஞ்சம் பாலிஷும் போட்டேன். அப்புறம் ஷேப் வரட்டும்னு காத்தடிச்சேன்…”

வாங்கிய அன்று எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். போனில் காட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். தூசி படிந்த தோலில், பந்தின் வாயைக் கட்டும் லேஸ் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே, வெள்ளைப் பெயிண்டில் மங்கலாக இரண்டு வரி. மேல் வரியில் ஒரு பள்ளியின் முதலெழுத்துகள் மாதிரி ஏதோ இருந்தது. கீழ் வரி 19 என்று தொடங்கியது, மீதி தெரியவில்லை. இப்போது பந்தில் அந்த இரண்டு வரியும் இல்லை. சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், புற ஊதா விளக்கிலும் பார்த்தேன். பாலிஷ்தான் தெரிந்தது.

அந்தக் காலத்துப் பள்ளி, கல்லூரி அணிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும். நடுவில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் ஒரு பந்து இருக்கும். அதில் வெள்ளையில் அணியின் பெயரும் வருடமும் எழுதியிருக்கும். அந்த இரண்டு வரி மிஞ்சியிருந்தால் அந்த வட்டாரத்துப் பள்ளி ஆண்டு மலர்களைப் புரட்டி எந்த அணி, எந்த வருடம் என்று தேடியிருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அதே பந்தைப் படத்திலேயே பார்த்திருக்கலாம். இனி அது ஒரு பழைய பந்து, அவ்வளவுதான்.

தம்பியைத் திட்ட மனம் வரவில்லை. நாம் வளர்ந்த விதம் அப்படி. வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். பழையது என்றால் தேய், பளபளக்க வை, அப்போதுதான் அதற்கு மரியாதை. பித்தளைக்கு அது சரி. நூறு வருடத் தோலுக்கும் தாளுக்கும் கம்பளிக்கும் அது சரியில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் “லேசாத்தானே துடைச்சேன்” என்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அழுக்கு என்று சொல்வது ஒரே பொருள் இல்லை. பரணில் மேலே படிந்த தூசி ஒன்று. அதை எடுக்கலாம்; ஆனால் நாங்கள் மென்மையான தூரிகையால் எடுப்போம், நீங்கள் ஈரத்துணியால் எடுப்பீர்கள். இன்னொன்று, விளையாடிய கைகளின் வியர்வையும் எண்ணெயும் ஏறித் தோல் கறுத்துப்போன இடங்கள். அது பந்து முழுக்க ஒரே மாதிரி இருக்காது. லேஸின் இரு பக்கமும் ஒரு விதமாக, தையல் ஓரத்தில் வேறு விதமாக இருக்கும். மூன்றாவது, தரையில் உராய்ந்த கீறலும் அதில் ஒட்டிய வார்னிஷும். நான்காவது, எழுத்து: தயாரித்த கம்பெனி தோலில் அழுத்திப் பதித்த முத்திரை, பள்ளிக்காரர்கள் எழுதிய பெயிண்ட், யாரோ ஒரு பையன் மையில் கிறுக்கிய பெயர். சோப்புத் துணிக்கு இந்த நாலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் வழித்துவிடும். வழிக்க முடியாத முத்திரைப் பள்ளத்தைப் பாலிஷ் போய் அடைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. போலி செய்கிறவனும் இதையேதான் செய்கிறான். பிற்காலத்துப் பந்துக்குக் கறுப்பு, பழுப்பு ஏற்றி, எண்ணெய் தடவிப் பழசாக்குகிறான். ஆகவே நீங்கள் பாலிஷ் போட்ட அசல் பந்து, பார்க்கிறவர் கண்ணுக்குப் போலி மாதிரியே தெரியும். நானே சந்தேகப்படுவேன். சந்தேகம் வந்த பொருளுக்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்றடித்த விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. உள்ளே இருப்பது காய்ந்து கல்லாகிப் போன ரப்பர் பிளாடர், அதாவது காற்று நிற்கும் பை. வெளியே இருப்பது மக்கிய நூல். பம்பை எடுக்க எப்படி மனசு வந்தது? பந்துக்கு வடிவம் வேண்டும் என்றால், லேஸ் ஏற்கெனவே அவிழ்ந்திருந்தால் மட்டும், அமிலமற்ற மெல்லிய தாளைச் சிறிது சிறிதாக உள்ளே திணிக்கலாம். கட்டியிருக்கும் லேஸை அவிழ்க்கக் கூடாது. அந்த முடிச்சும் பழசுதான்.

சரி, அடுத்தது போலிகள். இதற்குப் பெரிய அறிவியல் வேண்டாம். நாலைந்து வருடங்களை மனப்பாடம் செய்தால் பாதிக் குப்பையை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஜிம்மில், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் முதல் ஆட்டத்தை நடத்தினார். இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, அணிக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். ஆடிய பந்து கால்பந்து. கூடைப்பந்துக்கென்று தனியாக ஸ்பால்டிங் கம்பெனி பந்து செய்ததே 1894 வாக்கில்தான். ஆக, ‘முதல் ஆட்டத்துக் கூடைப்பந்து’ என்று யாராவது விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அன்று மாட்டிய கூடைகள் இரண்டு. என்னிடம் இதுவரை ‘அந்தக் கூடை’ நான்கு வந்துவிட்டன.

லேஸ் வைத்த பந்து என்றாலே 1890கள் என்று ஒரு நம்பிக்கை. இல்லை. 1930களின் பிற்பகுதி வரைக்கும் லேஸ் பந்துதான் ஓடியது. ஆரஞ்சு நிறம் 1950களின் கடைசியில் வந்தது. அடி திறந்த வலையை விதிகள் ஏற்றுக்கொள்ளவே 1912 ஆனது. அதற்கு முன்பு கூடைக்குள் விழுந்த பந்தை வெளியே எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். ‘1895’ என்று சீட்டு ஒட்டிய வளையத்தில் அடி திறந்த வலை தொங்கினால், வலையையும் சீட்டையும் தனித்தனியாகச் சந்தேகப்படுங்கள்.

நெய்ஸ்மித்தின் கையெழுத்துக்கு வருவோம். அவர் 1939 நவம்பரில் காலமானார். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1945இல். ஆனாலும் பால்பாயிண்டில் போட்ட நெய்ஸ்மித் கையெழுத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கூடைப்பந்தின் தோற்றம் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1941இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. ‘ஆசிரியர் கையெழுத்திட்ட முதல் பதிப்பு’ என்று அதை ஒருவர் ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்கி வந்தார். நான் முதல் பக்கத்தின் வருடத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாவமாக இருந்தது.

தபால் அட்டைகளில் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டையை அமெரிக்கத் தபால் துறை அனுமதித்தது 1907 மார்ச்சில். ‘1899 அணி’ என்று விற்கும் அட்டையில் அந்தக் கோடு இருந்தால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு, புகைப்படம் அல்ல. இருட்டில் புற ஊதா விளக்கை அடித்து, தாள் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் 1950க்குப் பிறகான தாள். தாளை மூக்கருகில் கொண்டுபோயும் பாருங்கள். ஒருமுறை 1890களின் விதித்தாள் என்று வந்ததை உறையிலிருந்து எடுத்ததுமே சிரித்துவிட்டேன். கும்பகோணத்துக்காரிக்கு டிகாக்ஷன் வாசனை தெரியாதா?

“சர்டிபிகேட் இருக்குக்கா” என்பது அடுத்த வசனம். விற்கிறவனே அச்சடித்துக் கொடுத்த தாளுக்கு நான் என்ன சொல்வது? எனக்கு வேண்டியது பொருள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற சங்கிலி. நெய்ஸ்மித் தட்டச்சு செய்வித்து ஜிம்மில் மாட்டிய 13 விதிகள், இரண்டே தாள், 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போயின. தாள்மேல் அவரே பிற்காலத்தில் கைப்பட எழுதிய குறிப்பு இருந்தது. விற்கும்வரை அவை அவருடைய வாரிசுகள் தரப்பிலேயே இருந்தன. வாங்கியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் டேவிட் பூத், இப்போது அவை அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றன.

சங்கிலியில் ஒரு கண்ணி ஆடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு, காலம் மட்டும் கொஞ்சம் பிந்தியது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன் 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அன்று ஒரு பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். 2000இல் அந்தப் பந்து ஐந்தரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நூறாவது புள்ளி விழுந்த பந்து அதுதானா, அதற்குப் பிறகு மாற்றிய பந்தா என்று கேள்வி எழுந்தது. விற்பனை நின்றுபோய், பிறகு சுமார் 67,000 டாலருக்குத்தான் கை மாறியது. தோலில் ஒரு மாற்றமும் இல்லை. கதையில் விழுந்த ஓட்டைக்குத்தான் அந்த விலை வித்தியாசம்.

ஆகவே வாங்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த வீடு, யார் கொடுத்தார், என்ன சொன்னார், எவ்வளவு கொடுத்தீர்கள். பொருளைத் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாள் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. லேமினேட் செய்யாதீர்கள். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பழகிய கைகள் நம்முடையவை, தெரியும். ஸ்பால்டிங்கின் பழைய விதிப் புத்தகத்து அட்டையை ஒருவர் லேமினேட் செய்துகொண்டு வந்தார். என்னிடம் அதற்கு மருந்து இல்லை. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேபிளை நீங்கள் பிடுங்க வேண்டாம், எங்களிடம் விடுங்கள். உறை வாங்கும்போது பி.வி.சி. இல்லாத பாலியெஸ்டர் உறையாகக் கேட்டு வாங்குங்கள். போமன் கம்பெனி 1948இல் வெளியிட்ட கூடைப்பந்து வீரர் பட அட்டைகளில், ஜார்ஜ் மைக்கன் என்ற வீரரின் அட்டை கிடைத்தால் ஓரம் கோணலாக இருக்கிறதே என்று கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். சிரிக்காதீர்கள், செய்திருக்கிறார்கள்.

கம்பளிச் சட்டைகளை ஹேங்கரில் மாட்டாதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள், டிரை கிளீனிங் கொடுக்காதீர்கள். பாச்சை உருண்டையும் வேண்டாம். பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். பிறகு தட்டையாக வைத்துவிடுங்கள்.

இடையில் ஒரு விஷயம். எல்லாரும் ஆண்கள் அணிகளின் பொருட்களையே துரத்துகிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே, நார்தாம்ப்டனில் இருக்கும் ஸ்மித் கல்லூரியில், சென்டா பெரன்சன் 1892இலேயே பெண்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, பெண்களுக்கான விதிகளையும் தொகுத்தார். பெண்கள் அணிப் படங்கள் அந்தக் காலத்தில் நிறையவே எடுக்கப்பட்டன. மடியில் பந்து, பந்தில் வருடம், அகலமான கால்சட்டை, ஒருவர்கூடச் சிரிக்காத முகங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: குறைந்த காசில் நிறைய கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக, சென்னைப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், இதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர். அந்தக் கல்லூரியில் பயின்ற பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் அணிப் படங்களும் விதிப் புத்தகங்களும் இன்னும் இருக்கலாம், இராமபாணமும் கரையானும் மிச்சம் வைத்திருந்தால். லட்ச டாலர் விலைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த விலை இதற்கு வராது. தாத்தாவின் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். படம் எதுவும் கிடைத்தால் துடைக்காமல், ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், அப்படியே போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தனியாக இருக்கும் படமென்றால் பின்பக்கத்தை முதலில் அனுப்புங்கள், முன்பக்கம் அப்புறம்.