12 போர் என்றால் பன்னிரண்டு என்ன?

வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு வங்கி வாசல். டோக்கன் வாங்கிக்கொண்டு இடமில்லாமல் வெளியே நின்றபோது காவலர் மடியில் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. "இன்னா தம்பி, இதையே பாக்கறே?" என்றார். கம்மவான்பேட்டைக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். இது 12 போர் (bore) துப்பாக்கி தானே சார், அந்தப் பன்னிரண்டு எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். "தோட்டாவுக்குள்ள பன்னெண்டு ரவை இருக்கும்பா" என்றார் சட்டென்று. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சின்ன ஈய உருண்டைகளின் எண்ணிக்கை, வகைக்கு வகை மாறும். பெரிய ரவை என்றால் எட்டோ ஒன்பதோ, பறவைக்குப் போடும் பொடி ரவை என்றால் முந்நூறுக்கும் மேல். பன்னிரண்டு என்பது காரீயத்தின் கணக்கு. ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் சுத்தமான காரீயத்தை எடுத்து, சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒவ்வொரு உருண்டையும் எவ்வளவு அகலம் இருக்குமோ அதுதான் 12 போர் குழலின் உள் அகலம். இருபது உருண்டை பிடித்தால் உருண்டை சிறுக்கும், அது 20 போர். எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போவது இதனால்தான். நூல் நம்பர் கூடினால் நூல் மெலிவதில்லையா, அந்த மாதிரி.

நம்பாவிட்டால் போட்டுப் பாருங்கள். 453.6-ஐ 12-ஆல் வகுத்தால் 37.8 கிராம். காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், எனவே கன அளவு சுமார் 3.33 கன சென்டிமீட்டர். அந்த அளவுள்ள உருண்டையின் விட்டம் 18.5 மில்லிமீட்டர் வரும். 12 போர் குழலை அளந்தாலும் அதேதான். அளவுகோல் எல்லாருக்கும் கிடைக்காத காலத்தில், தராசு மட்டும் வைத்துக்கொண்டு குழலின் அகலத்தைச் சொல்ல ஒருவன் கண்டுபிடித்த வழி இன்றுவரை நிற்கிறது, எனக்கு இதில் பெரிய மரியாதை.

சரி, ஏன் காரீயம்? முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் ஈயம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு உலோகங்களைச் சமாளிக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும், அதனால்தான் ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்த மருமகள்களின் கதை வீட்டுக்கு வீடு உண்டு. குண்டும் வலை ஈயமும் காரீயம், 327.5 டிகிரியில் உருகும், எடை அதிகம், நஞ்சு. (பென்சில் முனையையும் காரீயம் என்கிறார்கள், அதில் ஒரு துளி ஈயமும் கிடையாது, அது வெறும் கரி வகை.)

காரீயத்தின் குணத்தை நான் முதலில் பார்த்தது துப்பாக்கியில் இல்லை, மீன்வலையில். பழைய வட ஆற்காட்டின் பெரிய ஏரிகளில் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரி எங்களுக்குப் பக்கம். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது அது இராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. ஏரி நிரம்பும் வருஷங்களில் சித்தப்பா வீச்சு வலை கட்டுவார். வலையின் விளிம்பைச் சுற்றிலும் ஈய மணி கோர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வலை விரிந்தபடி கீழே இறங்காது, மீன் அடியில் நழுவிவிடும். காயலான் கடையில் காரீயம் வாங்கி வந்து, பழைய இரும்புக் கரண்டியில் போட்டு, விறகடுப்பில் வைத்து உருக்கி, மாக்கல்லில் குடைந்த இரண்டு துண்டு அச்சில் ஊற்றுவார். நடுவில் ஓட்டை வேண்டுமே, அதற்கு சைக்கிள் போக்ஸ் கம்பி.

விறகடுப்பே போதும் என்பதுதான் இதில் விசேஷம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் ஒரு கிலோ காரீயம் முழுசாக உருகிவிடும். சூட்டின் உயரம் வேண்டும், அளவு வேண்டாம். உருகியதும் மேலே பாலாடை மாதிரி ஒரு சாம்பல் தோல் படியும், அது காற்றோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு. சித்தப்பா அதில் ஒரு துண்டு மெழுகுவர்த்தியைப் போட்டுக் கிளறுவார், குப்பென்று தீப்பிடித்துப் புகையும். மெழுகில் உள்ள கரி ஆக்சைடில் இருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, தோலில் ஒரு பங்கு மறுபடி காரீயமாகிக் கீழே சேர்ந்துவிடும், மிச்சக் கசடை வழித்துப் போடலாம். அவருக்கு வேதியியல் தெரியாது. "மெழுகு போட்டா சுத்தமாவும்" என்பது மட்டும் தெரியும்.

அச்சு ஆறியிருந்தால் மணியின் மேல் சுருக்கம் விழும், ஓரம் நிரம்புவதற்குள் உலோகம் இறுகிவிடுவதால். முதல் நாலைந்து மணிகளைத் திரும்பக் கரண்டியிலேயே போட்டுவிடுவார், அவற்றின் வேலை அச்சைச் சூடாக்குவது மட்டும். இறுகும்போது காரீயம் சுமார் மூன்றரை சதவீதம் சுருங்கும், அதனால் ஊற்றும் வாயில் கொஞ்சம் கூடுதலாக நிற்க விட வேண்டும். உள்ளே குறைவதை அது இறங்கி நிரப்பும், இல்லையென்றால் மணிக்குள் பொள்ளல் விழும். இவ்வளவும் குண்டு வார்ப்பதற்கும் அப்படியே பொருந்தும், ஒரு வித்தியாசம்தான்: வலை மணியில் பொள்ளல் இருந்தால் எடை கொஞ்சம் குறையும், பறக்கும் குண்டில் பொள்ளல் ஒரு பக்கமாக இருந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு தடவை ஈரக் கையோடு அச்சைத் தொட்டுவிட்டேன். ஒரு சொட்டு இருந்திருக்கும். ஊற்றிய மறுகணம் பட்டென்று வெடித்து, உருகிய காரீயம் சித்தப்பாவின் முழங்கையில் தெறித்தது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், அதுவும் கனமான உலோகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மேலே இருப்பதைத் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியே வரும். அந்தத் தழும்பு இன்னும் அவர் கையில் இருக்கிறது, தீபாவளிக்குப் போனால் எனக்குக் காட்டத் தவறுவதில்லை.

இப்போது ரவை. அத்தனை பொடி உருண்டைகளை ஒவ்வொன்றாக அச்சில் வார்க்க முடியுமா? பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் 1782-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தன் வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பி, உச்சியில் காரீயத்தை உருக்கிச் சல்லடை வழியே விட்டு, கீழே தண்ணீர்த் தொட்டியில் விழ வைத்தார். துளி விழும்போது தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும், ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உருண்டைக்குத்தான். உயரம் எதற்கென்றால், துளி உருண்டு முடித்து ஓரளவு இறுகும்வரை அது எதன்மேலும் படக்கூடாது. தாழ்வாக இருந்து ஊற்றினால் தண்ணீரில் சப்பையாகவோ வாலோடோ கிடக்கும். சுத்தக் காரீயத்தில் அந்த ஆக்சைடு தோல் வந்து உருள விடாமல் பிடிக்கும், அதற்காகக் கொஞ்சம் ஆர்செனிக் கலப்பார்கள்.

ஆனால் கோபுரம் பொடிகளுக்குத்தான். துளி பெருக்கப் பெருக்க எடையும் காற்றும் வெல்லும், மேற்பரப்பு இழுவிசை தோற்கும். 30 கிராம் காரீயம் துளியாகவே நிற்காது, உடையும். ஆகவே ரவைக்குப் பதில் ஒரே கட்டியாகப் போடும் ஸ்லக் என்ற பெரிய குண்டை வார்த்தோ அழுத்தியோதான் செய்தாக வேண்டும்.

அதிலும் வெறும் உருண்டை செய்தால் போதாது. 12 போர் குழல் உள்ளே வழுவழுப்பானது, ரைபிளில் இருப்பது போல் சுழற்றிவிடும் புரிகள் கிடையாது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் வெடித்த கம்பெனிப் படையின் துப்பாக்கிகளும் இதே ஜாதிதான். 'பிரவுன் பெஸ்' என்று பெயர் பெற்ற அந்த வகையின் குழல் சுமார் 19 மில்லிமீட்டர், நம் காவலர் மடியில் இருந்ததைவிட அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். குண்டோ 17.5 மில்லிமீட்டர். சீக்கிரம் நிரப்ப வசதியாக வேண்டுமென்றே விட்ட இடைவெளி. அந்த இடைவெளியில் உருண்டை இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் முட்டிக்கொண்டே போய், கடைசியாக எந்தச் சுவரில் பட்டதோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளியேறும். சுழலும் பந்து காற்றில் வளையும் என்பது கிரிக்கெட் பார்க்கிற யாருக்கும் தெரியும், இங்கே எந்தப் பக்கம் வளையும் என்பது சுட்டவனுக்கே தெரியாது.

சுழற்றாமலே நேராகப் பறக்க வைக்க என்ன செய்வது? சின்ன வயதில் தென்னை ஈர்க்கின் ஒரு முனையில் களிமண் உருட்டி எறிந்திருக்கிறீர்களா? எப்படி எறிந்தாலும் மண் முனைதான் முன்னால் போகும். எடையின் மையம் முன்னாலும் காற்று இழுக்கும் மையம் பின்னாலும் இருந்தால், கோணலாகத் திரும்பும்போதெல்லாம் காற்றே பின்பக்கத்தைத் தள்ளி நேராக்கிவிடும். இறகுப்பந்தும் அப்படித்தான். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898-இல் கெட்டிக் காரீயக் குண்டின் பின்னால் இலேசான தக்கையை வாலாகப் பொருத்தினார். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் 1931 வாக்கில் வேறு வழி பிடித்தார், குண்டின் பின்பக்கத்தைக் கிண்ணம் போலக் குடைந்துவிட்டார். எடையெல்லாம் மூக்கில் சேர்ந்துவிட்டது. முழு உருண்டை 37.8 கிராம் என்றால் இந்தக் குடைந்த குண்டு பொதுவாக 28 கிராம்தான்.

இந்தக் குண்டுகளின் பக்கவாட்டில் சாய்வாக வரிகள் இருக்கும். அவைதான் சுழற்றுகின்றன என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். சுழற்சி வருவது சொற்பம். குழலின் வாய் கொஞ்சம் குறுகியிருந்தால் வரிகள் நசுங்கி இடம் கொடுக்கும், முக்கியமான வேலை அது. காரீயம் மெத்தென்று இருப்பதால்தான் இதுவும் சாத்தியம்.

தோட்டாவைத் திறந்து பார்த்தால் அடியில் பித்தளைக் கிண்ணம், அதன் நடுவில் தட்டினால் பொறி தரும் கேப், மேலே வெடிமருந்து, தக்கை, அதற்கும் மேல் காரீயம். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள், இங்கே ஈயம் பறந்து போய்விட, பித்தளை அடுப்புக்கரி பூசிக்கொண்டு குழலிலேயே உட்கார்ந்திருக்கும். தக்கைக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை, ஆனால் வாயு முன்னால் கசியாமல் அடைப்பது அதுதான். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். மருந்து, தக்கை, குண்டு மூன்றும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தியவை, ஒன்றை மாற்றினால் அழுத்தம் எங்கோ போய்விடும், குழல் கிழிந்து கை போனவர்கள் உண்டு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. வலை மணி வார்க்கத் தடை இல்லை.

தடை இல்லையே தவிர நல்லது என்று சொல்ல மாட்டேன். உருக்கும் சூட்டில் காரீயம் பெரிதாக ஆவியாவதில்லை, ஆபத்து அந்தச் சாம்பல் தோலில்தான். அது தூளாகிக் கையில் ஒட்டி, சோற்றோடு உள்ளே போகும். குழந்தைகளின் மூளையை முதலில் பிடிக்கும். நாங்கள் உருக்கியது சமையல் அடுப்பில், சித்தி அரிசி களைந்துகொண்டிருந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி. நீரில் விழும் காரீயம் பறவைகளுக்கும் சேரும். அரைப்பையில் தீனியை அரைக்கக் கல் பொறுக்கும் அன்னமும் வாத்தும் ரவையையும் தூண்டில் ஈயத்தையும் கல் என்று விழுங்கி மெல்லச் சாகும். இங்கிலாந்தில் 1987-இல் சிறிய தூண்டில் ஈயங்களையும், அமெரிக்காவில் 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்குக் காரீய ரவையையும் தடை செய்தது இதற்காக. பதிலுக்கு வந்த இரும்பு ரவையின் அடர்த்தி 7.9 தான், அதே வேகத்தில் கிளம்பினாலும் காற்று அதைச் சீக்கிரம் மடக்கிவிடும்.

டோக்கன் வேலை முடிந்து வெளியே வரும்போது காவலரிடம் பன்னிரண்டு உருண்டைக் கணக்கைச் சொன்னேன். விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எங்க மாமனார்கிட்ட 410 போர் ஒண்ணு இருந்துச்சே, ஒரு பவுண்டுல நானூத்திப் பத்து உருண்டையா? கடுகு மாதிரி இல்ல இருக்கும்?" என்றார்.

அந்த ஒன்று மட்டும் விதிவிலக்கு சார். அது உருண்டைக் கணக்கே இல்லை, குழலின் அகலம் 0.410 அங்குலம், அவ்வளவுதான். உருண்டையில் சொன்னால் சுமார் 67 போர் என்று சொல்ல வேண்டும்.

"பெயர் வெச்சவன் நம்மாளாத்தான் இருப்பான்" என்றார்.