கண்டாங்கிக் கட்டம் சாயும்போது

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "உடம்புக்கு ஏற்ப அளவு மாறும் உடை என்று இப்போது விற்கிறார்களே, அதை வாங்கினால் நிஜமாகவே துணி மிச்சமாகுமா?"

பதிலைத் தேடிக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தால் போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியில் கட்டங்கள் பளிச்சென்று தெரியும். பாவு (நீளவாட்டு நூல்) எந்தப் பக்கம் ஓடுகிறது, ஊடை (குறுக்குவாட்டு நூல்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

பாவின் திசையில் இழுத்துப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. பருத்தி நூல் பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நீள்வதற்குள்ளேயே அறுந்துவிடும். இனி மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். ரப்பர் மாதிரி நீளும்! அதே நூல், அதே நெசவு. இந்த நீளம் எங்கிருந்து வந்தது?

காரைக்குடியில் எனக்குப் பழக்கமான தையற்கார அம்மா ஒருவரிடம் கேட்டேன். துணியை மேசையில் விரித்து, மூலையை மெல்ல இழுத்துக் காட்டினார். "நூல் நீளலை சார், கட்டந்தான் சாயுது."

இயற்பியல் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மூலைவாட்டில் இழுக்கும்போது அந்தத் திசையில் நூலே கிடையாது. அதனால் பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களில் நூல்கள் கீல் போலத் திரும்புகின்றன. சதுரம் சாய்சதுரமாகிறது. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கட்டத்தின் மூலைவிட்டம் 14.1 செ.மீ. அதன் 90 பாகைக் கோணம் 80 ஆகச் சாய்ந்தால் மூலைவிட்டம் 15.3 செ.மீ. ஆகிவிடும், எதிர் மூலைவிட்டம் 12.9க்குச் சுருங்கும். ஒரு நூல்கூட மயிரிழை நீளவில்லை! இன்னும் சாய்த்தால் பக்கத்து நூல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றுவிடும். அதுதான் எல்லை. தளர நெய்த துணி அதிகம் சாயும், நெருக்கி நெய்தது குறைவாகச் சாயும். ஒரு முறை நனைத்து உலர்த்தினால் கட்டம் ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பலாம்.

துணியை மூலைவாட்டில் வெட்டித் தைக்கும் 'கிராஸ் கட்டிங்' ஜாக்கெட் உடம்பின் வளைவோடு பொருந்துவது இதனால்தான். 1920களில் பாரிஸில் மாட்லன் வியொனே என்ற உடை வடிவமைப்பாளர் உடை வெட்டியதும் இதே கணக்கில்தான். ஒரு குறை உண்டு: மூலைவாட்டில் வெட்டினால் முக்கோணத் துண்டுகள் நிறைய வீணாகும்.

கொசுவம் வேறு வழி. ஐந்து அங்குலக் கொசுவம் ஒன்று பத்து அங்குலத் துணியைத் தனக்குள் மடித்து வைத்துக்கொள்கிறது. இடுப்பு பெருத்தால் ஒரு கொசுவம் குறையும், அவ்வளவுதான். லண்டனில் விமானப் பொறியியல் படித்த ரயன் யாசின், 2017 வாக்கில், குழந்தையோடு வளரும் உடையை மடிப்புகளைக் கொண்டே செய்தார். அதை இழுத்தால் நீளமும் அகலமும் சேர்ந்தே கூடும்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தூக்கியெறியும் உடைகளில் நூற்றில் ஒரு பங்குகூட மறுபடி உடையாவதில்லை. கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகி, நூற்பதற்கு வலுவில்லாமல் போகிறது. ஆகவே உடுத்துகிற காலத்தை நீட்டுவதுதான் பெரிய மிச்சம். நீட்சி எதனால் வருகிறது என்று பாருங்கள். வெட்டு, மடிப்பு, உள்ளே விட்ட தையல் ஆகியவற்றால் என்றால் தாராளமாக வாங்கலாம். பருத்தியில் ஸ்பான்டெக்ஸ் என்ற நீளும் செயற்கை இழை கலந்ததால் என்றால் யோசியுங்கள். அந்த இழை நாளடைவில் தளரும், பருத்தியிலிருந்து பிரித்தெடுப்பதும் கடினம்.

மின்வேதியியல் ஆய்வுக்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் காரைக்குடி. கைத்தறித் துணி எவ்வளவு சாய்கிறது, எத்தனை சலவைக்குப் பின் தளர்கிறது என்று அளக்க அவ்வளவு பணம் வேண்டாம். ஓர் இழுவைச் சோதனைக் கருவியும் இரண்டு மாணவர்களின் ஊக்கத்தொகையும் இருந்தால் அடுத்த ஆண்டே தொடங்கிவிடலாம்.