லொறிக்குள் என்ன இருக்கிறது? திருகோணமலை வீதிகளுக்கான சரக்குக் கணக்கு

திருகோணமலையில் எந்த வீதியை அகலமாக்கப் பேசினாலும் அறிக்கையில் ஒரு வரி வந்துவிடும்: பொருளாதாரம் வருடத்துக்கு இத்தனை வீதம் வளரும், ஆகவே லொறிகளும் அத்தனை வீதம் கூடும். போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கு நம் மாவட்டத்துக்குச் சரிவராது. மொத்த உள்நாட்டு உற்பத்தி பணத்தில் அளக்கப்படுவது. வீதி சுமப்பது தொன் கணக்கில் அளக்கும் நிறையை. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சீனன்குடாவைப் பாருங்கள். பிரிமா மா ஆலை 1980 முதல் அங்கே இயங்குகிறது. கோதுமை கப்பலில் வந்து இறங்குகிறது. அரைத்த மா நாடு முழுக்கப் போகிறது, அதிலும் சனம் நெருக்கமாக வாழும் மேல் மாகாணத்துக்கு. ஆக, அந்த வாசலிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியே எத்தனை லொறி போகும் என்பதைத் திருமலைக்காரரின் வருமானம் தீர்மானிப்பதில்லை. கொழும்பிலும் கம்பஹாவிலும் பாண் என்ன விலை, அரிசி என்ன விலை என்பதுதான் தீர்மானிக்கிறது. பக்கத்திலேயே டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. அதன் லொறிகள் நாட்டின் கட்டட வேலைகளோடு கட்டுண்டவை. 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. கட்டுமானத்துறை அதைவிட மிக மோசமாக விழுந்தது. ஒரே வீதியில் ஓடும் இரண்டு சாமானுக்கும் ஒரே வளர்ச்சி வீதத்தைப் போட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

நெல் இன்னும் தெளிவான பாடம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, அடுத்த பெரும்போக விளைச்சல் படுத்துவிட்டது. நாடு அரிசியை இறக்குமதி செய்தது. வழக்கமாகக் கந்தளாய், தம்பலகாமம், மூதூர் பக்கமிருந்து வெளியே போகும் நெல்லுக்குப் பதில், கொழும்புத் துறைமுகத்திலிருந்து உள்ளே வரும் அரிசி. சாப்பிடுகிற வாய் அதேதான், லொறி போகும் திசைதான் மாறியது. உள்நாட்டு உற்பத்தி என்ற ஒற்றை எண்ணில் திசை தெரியாது.

அதனால்தான் இந்தத் துறையில் சரக்கைச் சாமான் வாரியாகப் பிரித்துத் தொடங்குவோம். எந்தச் சாமான் எங்கே உற்பத்தியாகிறது, அதை எந்தத் தொழில் உள்ளீடாக எடுக்கிறது? இதற்கு உதவுவது உள்ளீடு–வெளியீடு அட்டவணை, அதாவது ஒவ்வொரு தொழிலும் மற்றத் தொழில்களிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் அட்டவணை. பொருளியலாளர் வாசிலி லியொன்டிஃப் உருவாக்கியது, 1973இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். கோழிப்பண்ணை பெருகினால் தீனி ஆலை எவ்வளவு கூட அரைக்கும், அதற்குச் சோளமும் தவிடும் எவ்வளவு வேண்டும் என்று சங்கிலியாகப் பிடித்துக்கொண்டு போகலாம். அட்டவணை பேசுவது பணத்தில் என்பதால் அதைத் தொன்னாக மாற்ற வேண்டும். அப்புறம் எங்கிருந்து எங்கே என்ற பங்கீடு, வீதியா ரயிலா என்ற தெரிவு, கடைசியாகத் தொன் கணக்கை வண்டிக் கணக்காக்குவது.

ஆலை எங்கே இருக்கிறது என்பது மட்டுமே கணக்கை எப்படிப் புரட்டும் என்று பாருங்கள். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும், மிச்சம் உமியும் தவிடும். 1000 தொன் நெல்லை அப்படியே வெளி மாவட்ட ஆலைக்கு அனுப்பினால் 10 தொன் லொறியில் 100 நடை. இங்கேயே குற்றி அரிசியாக அனுப்பினால் 65 நடை, தவிட்டுக்குச் சில நடை கூடலாம். மாவட்டத்தின் வருமானம் ஏறுகிறது, தூரப் பயண லொறி குறைகிறது. பொருளாதாரம் வளர்ந்தால் லொறியும் வளரும் என்ற விதியை ஓர் அரிசி ஆலையே உடைத்துவிடும்.

இனி, வெறும் வண்டி. வீதியோரக் கணக்கெடுப்பில் சாரதிகளிடம் எங்கிருந்து, எங்கே, என்ன சாமான், எத்தனை தொன் என்று கேட்போம். எனக்கு மிக முக்கியமான கேள்வி அதற்கு அடுத்தது: திரும்பும்போது என்ன ஏற்றுவீர்கள்? “தம்புள்ளையில மரக்கறி கிடைச்சா ஏத்துவம், இல்லாட்டி சும்மாதான் வாறது” என்பார்கள். மூட்டை ஏற்றும் லொறிக்கு அந்த வாய்ப்பாவது உண்டு. சீமெந்துத் தூள் கொண்டுபோகும் பவுசரில் வேறு எதையும் போட முடியாது, திரும்புவது எப்போதும் வெறுமையாகத்தான். ஆக, அதே தொன்னுக்கு எந்த வகை வண்டி என்பதைப் பொறுத்து வீதியில் காணும் எண்ணிக்கை இரட்டிப்பாகலாம்.

வீதி பழுதாவதோ எண்ணிக்கையால் அல்ல, அச்சுப் பாரத்தால், அதாவது சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வோர் அச்சின் மேலும் இறங்கும் பாரத்தால். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த வீதிப் பரிசோதனையிலிருந்து பொறியியலாளர்கள் பயன்படுத்தும் விதி இது: அச்சில் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. வெறும் லொறியையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய லொறியையும் ஒன்று, இரண்டு என்று எண்ணி வைத்துவிட்டுத் தாரின் தடிப்பைத் தீர்மானிப்பது பெரிய அநியாயம். அதன் விலையைக் குழிகளில் விழுந்தெழும் மோட்டார்சைக்கிள்காரர்தான் கொடுக்கிறார்.

பொருளாதாரத்துக்கும் வீதிக்கும் உள்ள இணைப்பு மறுதிசையிலும் வேலை செய்யும், வீதியே புது வியாபாரத்தை உண்டாக்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முன் பாதையில் (வண்டிகளை ஏற்றிக் கடக்கும் படகில்) ஏறிக் கடக்கக் காத்திருந்த நேரமும் ஏற்றிறக்கச் செலவும் சாமானின் விலையில்தான் ஏறும். அந்தச் செலவு போனதும் முன்பு கட்டுப்படியாகாத வியாபாரம் கட்டுப்படியாகிறது. பாலத்துக்கு முந்திய எண்ணிக்கையில் இந்தத் தேவை எங்கும் தெரியாது, ஏனென்றால் அப்போது அது பிறக்கவே இல்லை.

காலமும் பார்க்க வேண்டும். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் லொறி குறையும். இடையில் ஏதோ ஒரு வாரம் எண்ணிவிட்டு வருடம் முழுவதற்கும் பெருக்கினால் ஒன்றில் நெல் தவறும், இல்லையென்றால் மீன் தவறும்.

ஆகவே உங்கள் பிரதேச சபையிலோ வர்த்தகர் கூட்டத்திலோ வீதித் திட்டம் பேசப்பட்டால் கேளுங்கள்: எந்த மாதம் எண்ணினீர்கள், எந்தச் சாமானை எந்தத் திசையில் கண்டீர்கள், வெறும் வண்டியைத் தனியாகக் குறித்தீர்களா? ஆலைக்காரரும் மீன் வாடிக்காரரும் தராசுத் துண்டுகளை வீசாமல் ஒரு போகத்துக்காவது சேர்த்து வைத்தால் பெரிய உதவி. பெயரும் விலையும் எங்களுக்குத் தேவையில்லை, அவற்றை மறைத்தே கொடுக்கலாம். திகதி, நிறை, போகும் ஊர், இவ்வளவும் இருந்தால் போதும்.