கொரிய பாணி கொத்துக்கறிக் கிண்ணம்: சாஸ் ஏன் கடைசியில் வர வேண்டும்?

கொரியாவில் புல்கோகி என்ற இறைச்சி வறுவல் செய்பவர்கள் முதலில் இறைச்சியை ஊறவைப்பார்கள், அப்புறம்தான் நெருப்பில் போடுவார்கள். மெலிதாகச் சீவிய மாட்டிறைச்சி, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய், துருவிய பேரிக்காய் எல்லாம் கலந்த சாஸில் அரை மணி நேரமாவது கிடக்கும். அமெரிக்க வீடுகளில் வேலை நாள் இரவுச் சாப்பாடாகப் பரவிய, சோற்றோடு மாட்டுக் கொத்துக்கறி சேரும் கிண்ணத்திலும் ஏறக்குறைய அதே சாஸ்தான், ஆனால் வரிசை தலைகீழ். கறி முதலில் தனியாக வறுபடும், சாஸ் சேர்வது கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில்தான். நேரம் மிச்சமாகும் என்பதற்காகத்தான் இப்படி என்று பலரும் நினைக்கிறார்கள். நேரம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் கொத்துக்கறிக்குப் பொருத்தமான வரிசையே இதுதான், அதை மாற்றினால் சாப்பாடு கெட்டுவிடும்.

முதலில் ஊறவைப்பது எதற்கு என்று பார்ப்போம். புல்கோகி சாஸில் உள்ள பேரிக்காய் இனிப்புக்கு மட்டும் போடுவதில்லை. அதில் புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. கிவிப் பழத்திலும் அன்னாசியிலும் இவை இன்னும் வேகமாக வேலை செய்யும், அதிகம் போட்டால் கறி கூழாகிவிடும். தசை நார்களை இந்த நொதிகள் கொஞ்சம் தளர்த்துவதால் சீவல் மென்மையாகிறது. கொத்துக்கறியில் அந்த வேலையை இயந்திரம் ஏற்கெனவே முடித்துவிட்டது. நார் எல்லாம் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டுப்பட்டுத்தான் நம் கைக்கு வருகிறது, பல்லில் இழுபட எதுவும் மிச்சமில்லை. எனவே பேரிக்காயைத் தாராளமாக விட்டுவிடலாம். சுவைக்காகப் போடுவதென்றால் சாஸோடு கடைசியில் போடுங்கள்.

ஊறவைத்தால் பயன் இல்லை, அவ்வளவுதானே, கெடுதல் என்ன என்று கேட்கலாம். கெடுதல் உப்பில் இருக்கிறது. சோயா சாஸில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உப்பு. அரைபட்ட தசையில் உப்பு பட்டால் மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வரும், பிசையப் பிசையக் கறி ஒட்டும், வேகும்போது அந்தப் புரதம் இறுகித் துணுக்குகளையெல்லாம் ஒன்றாகப் பிணைத்துவிடும். சாசேஜ் கடித்தால் ரப்பர் போல எதிர்ப்பு கொடுக்கிறதே, அது இதனால்தான். கொரியர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்: தென் ஜொல்லா மாகாணத்தின் தாம்யாங் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த தொக்கல்பியில் விலாக்கறியைப் பொடியாகக் கொத்தி, இதே சோயா, சர்க்கரை, பூண்டு கலவையில் ஒட்டும்வரை பிசைந்து, தட்டிச் சுடுவார்கள். அது உடையாமல் நிற்க வேண்டிய பண்டம், அதற்கு அது சரி. கிண்ணத்துக்கு நமக்கு வேண்டியது சோற்றோடு கலக்கிற உதிரியான கறி. ஆக உப்பு முன்னால் வரக்கூடாது.

அப்புறம் தண்ணீர். கொத்துக்கறிச் சமையலில் பாதிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம், இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள அரை கிலோ கொத்துக்கறியில் தண்ணீரே கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கும். முழுத் துண்டில் இந்தத் தண்ணீர் நார்களுக்குள் பிடிபட்டுக் கிடக்கும், கொத்தியதில் வெட்டுப்பட்ட எல்லா முனைகளும் திறந்திருக்கின்றன. 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் மயோசின் சுருங்கத் தொடங்கும், 60-ஐத் தாண்டினால் நார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை இறுக்கிப் பிழியும், இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதமும் சேர்ந்துகொள்ளும். வாணலியில் சாம்பல் நிறத்தில் குளம் கட்டுகிறதே, அது இப்படிப் பிழிபட்டு வந்த நீர்தான். அந்த நீர் இருக்கும்வரை கறியின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது, அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சரி. வறுபட்ட மணத்தைத் தரும் வேதிவினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வேகம் எடுக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை இது: அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சேர்ந்து, கிளை கிளையாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பழுப்பு நிறத்தையும் உண்டாக்கும். அதன் படிகளை ஜான் ஹாட்ஜ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1953-இல் வரிசைப்படுத்தித் தந்தார், இன்றும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த அரை கிலோ கறியை 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 150 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதிலிருந்து 100 கிராம் தண்ணீர் கசிகிறது என்று வைத்துக்கொண்டால் அதை ஆவியாக்க மட்டும் இன்னொரு 226 கிலோஜூல். கறி முழுவதையும் சூடாக்கியதை விட, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள தண்ணீரை விரட்டத்தான் அதிகம் செலவாகிறது! இண்டக்‌ஷன் அடுப்பு 1500 வாட் வெப்பத்தைப் பாத்திரத்துக்குள் செலுத்துகிறது என்றால் இரண்டுக்கும் சேர்த்து நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் வெப்பம் பக்கவாட்டில் வீணாவதால் இன்னும் நேரம் எடுக்கும். இந்த நேரத்தில் சோயா சாஸை 60 மில்லி ஊற்றினால் என்ன ஆகும்? விரட்ட வேண்டிய தண்ணீர் ஒரே நொடியில் ஒன்றரை மடங்காகிவிடும். கூடவே போட்ட சர்க்கரை, நீர் வற்றும் கட்டத்தில் அடியில் தீய்ந்து கசக்கும், கறி அப்போதும் வறுபட்டிருக்காது.

எனவே செய்ய வேண்டியது எளிது. உங்களிடம் இருப்பதிலேயே அகலமான, கனமான வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கறியை உதிர்க்காமல் ஒரு பெரிய அடை மாதிரி தட்டிப் பரப்பிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். கிளறவே வேண்டாம். கிளறினால் ஈரமான பக்கம் ஒவ்வொரு முறையும் அடிக்கு வந்து சூட்டைக் குடித்துவிடும். விட்டுவிட்டால், மேலே இன்னும் சிவப்பாக இருக்கும்போதே அடிப்பகுதி மட்டும் காய்ந்து பொரியத் தொடங்கும். இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: முதலில் சளசளவென்று கொதிக்கிற சத்தம், வெள்ளையாக ஆவி எழும்பும், சில நிமிடத்தில் ஆவி குறைந்து சத்தம் படபடவென்று கூர்மையாகும், ஓரத்தில் கலங்கலாக இருந்த நீர் போய்த் தெளிந்த கொழுப்பு மட்டும் நுரைக்கும். அப்போது ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தால் அடி ஆழ்ந்த பழுப்பில் இருக்கும். துண்டு துண்டாகத் திருப்பிப் போட்டு, அப்புறம் உடைத்து உதிர்த்துவிடலாம். எல்லாப் பக்கமும் பழுப்பாக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், ஒரு பக்கம் நன்றாக வறுபட்டாலே மணம் போதும். மேலும் வறுத்தால் சின்னத் துணுக்குகள் காய்ந்து மணல் மாதிரி ஆகிவிடும்.

வாணலி சின்னதாக இருந்தால் இரண்டு தவணையாக வறுங்கள். இல்லையென்றால் ஆப்ப சோடாவின் உதவியை நாடலாம். அரை கிலோவுக்குக் கால் டீஸ்பூனை விடச் சற்று அதிகமான சோடாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசிறி 15 நிமிடம் வைத்தால், கறியின் அமிலத்தன்மை குறைந்து, புரத இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகி, நடுவில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கசியும் தண்ணீர் குறையும், காரச் சூழலில் மயார் வினையும் வேகமாக நடக்கும். அளவு மீறினால் சோப்பு வாடை வரும், அதில் மட்டும் கவனமாக இருங்கள்.

வறுபட்டதும் மிதக்கிற கொழுப்பில் இரண்டு ஸ்பூன் அளவை விட்டுவிட்டு மிச்சத்தை வடித்துவிடுங்கள். மாட்டுக் கொழுப்பு உடல் வெப்பநிலையை ஒட்டியே உறையத் தொடங்குவதால், கிண்ணம் ஆறினால் அண்ணத்தில் பிசுக்காகப் படியும். அந்த இரண்டு ஸ்பூன் கொழுப்பில் நசுக்கிய பூண்டும் துருவிய இஞ்சியும் அரை நிமிடம் வதங்கட்டும். பூண்டு முதலிலேயே போயிருந்தால் கறி சிவக்கும் நேரத்துக்குள் கருகியிருக்கும். அடுத்து ஒரு மேசைக்கரண்டி கொச்சுஜாங். மிளகாய்த்தூள், பசை அரிசி, நொதித்த சோயா மாவு, முளைகட்டிய பார்லி எல்லாம் சேர்த்துப் புளிக்கவைத்த இந்த விழுதைக் கொழுப்பில் பிரட்டினால்தான் முழுப் பலன், ஏனென்றால் மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் சிவப்பு நிறமிகளும் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் அல்ல. கொரியாவிலேயே யாக்-கொச்சுஜாங் என்று, கொத்துக்கறியைக் கொச்சுஜாங்கோடு சேர்த்து வதக்கித் தேன் விட்டு வைத்துக்கொண்டு பிபிம்பாப் என்ற கலவைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். ஆக இந்தக் கிண்ணம் அமெரிக்கச் சமையலறையில் வடிவம் பெற்றாலும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போதுதான் சாஸ்: 60 மில்லி சோயா சாஸ், இரண்டு மூன்று மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர். வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலம் நீரில் கரைந்து சாஸுக்குள் வந்துவிடும், கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், மயார் வினை சேர்த்துவைத்த சொத்து அது. நீர் வற்ற வற்றச் சர்க்கரை செறிந்து, கறியிலிருந்து வந்த கொழுப்பும் கொஞ்சம் ஜெலட்டினும் கலந்து, துணுக்குகள் மீது பளபளவென்று பூசிக்கொள்ளும். குமிழிகள் சின்னதாக இருந்தது போய்ப் பெரிதாக, சோம்பலாக வெடிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டிப்படும்.

சோயாவும் மாட்டிறைச்சியும் சேரும்போது மட்டும் ஏன் இவ்வளவு சுவை? இது வெறும் கூட்டல் கணக்கு இல்லை. சோயாவும் கோதுமையும் நொதிக்கும்போது பூஞ்சையின் நொதிகள் புரதத்தை உடைத்து குளுட்டமேட் என்ற சுவைப்பொருளை விடுவிக்கின்றன. உமாமி என்று பெயர் பெற்ற இந்தச் சுவையை 1908-இல் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டியவர் டோக்கியோவின் கிகுனே இகேதா. இறைச்சியில் இருப்பது வேறொன்று, இனோசினேட். உயிர் போன பிறகு தசையில் மிச்சமிருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு சிதைந்து இது உண்டாகிறது. இகேதாவின் மாணவர் ஷின்தாரோ கொதாமா 1913-இல் உலர் போனிட்டோ மீனில் இதன் சுவையைக் கண்டறிந்தார். இரண்டும் ஒன்றாக நாக்கில் பட்டால் சுவை பல மடங்கு பெருகும் என்று காட்டியவர் அகிரா குனினாகா. நாக்கில் இந்தச் சுவையை உணரும் புரதமான உமாமி ஏற்பி, பூச்சி தின்னும் ஈப்பொறிச் செடியின் இலை மாதிரி இரண்டு மடல் கொண்டது. குளுட்டமேட் உள்ளே போய் உட்கார்ந்தால் மடல்கள் மூடும், இனோசினேட் வாசலருகே ஒட்டிக்கொண்டு மூடிய மடலைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். சமிக்ஞை நீள்கிறது, நமக்கு நாக்கு முழுக்க ருசி பரவிய மாதிரி இருக்கிறது. சியோல் பாணி புல்கோகியில் கறியைக் குழம்பு ததும்பும் குவிந்த தட்டில் கிட்டத்தட்ட வேகவைக்கவே செய்கிறார்கள், வறுபட்ட மணம் குறைவு, ஆனாலும் அது ருசிப்பதற்கு இந்த ஜோடிதான் காரணம் என்பது என் எண்ணம். கொத்துக்கறியில் இரண்டையும் சேர்த்தே பெறலாம் என்பதால்தான் நான் வறுப்பதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

எள்ளெண்ணெய் அடுப்பை அணைத்த பிறகுதான். கொரிய எள்ளெண்ணெய் நன்றாக வறுத்த எள்ளிலிருந்து பிழிவது, அதன் மணம் பைரசின்கள் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது, கொதிக்கிற வாணலியில் விட்டால் மணம் அடுக்களைக்குப் போய்விடும், கிண்ணத்துக்கு வராது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, அதை ஊற்றினால் இந்த மணம் கிடைக்காது. வேறு வழியில்லையென்றால் ஒரு பிடி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்துத் தூவுங்கள், அது நல்ல மாற்று.

சோறு, குட்டையான ஜப்பானிக்கா அரிசியில் உப்பே போடாமல் வடித்ததாக இருக்கட்டும். அமைலோஸ் என்ற வகை மாவுச்சத்து குறைவான அரிசி என்பதால் பருக்கைகள் ஒட்டிக்கொண்டு கறித் துணுக்குகளைப் பிடித்துவைக்கும். பொன்னியிலும் செய்யலாம், கொஞ்சம் குழையவிட்டால் போதும். உப்பு போடாததற்குக் காரணம் உண்டு: அந்த 60 மில்லி சாஸில் ஒன்பது கிராம் வாக்கில் உப்பு இருக்கிறது, நான்கு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு இரண்டு கிராமுக்கு மேல், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்போ ஐந்து கிராமுக்குக் கீழ். உப்பு குறைந்த சோயா சாஸ் கிடைத்தால் வாங்குங்கள். மேலே வெங்காயத்தாள், வெள்ளரி, ஒரு முட்டை, பக்கத்தில் கிம்ச்சி என்ற புளித்த கொரியக் காய்கறி ஊறுகாய். கிம்ச்சியின் லாக்டிக் அமிலம் கொழுப்பின் பிசுக்கையும் சாஸின் இனிப்பையும் வெட்டும், அது இல்லாவிட்டால் பாதிக் கிண்ணத்திலேயே திகட்டிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சலுகை கிடையாது. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் வெளிப்புறத்தில்தான் இருக்கும், கொத்தும்போது அவை உள்ளே முழுக்கக் கலந்துவிடும், எனவே கொத்துக்கறியை அரைவேக்காட்டில் சாப்பிடக்கூடாது, அமெரிக்க வேளாண் துறை 71 டிகிரி என்று வரையறுக்கிறது. இந்த முறையில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். மிச்சச் சோற்றில் வேறு ஆபத்து: பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடிருக்கும், அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சு சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் சோற்றையும் கறியையும் தனித்தனி டப்பாவில் குளிரில் வைத்துவிடுங்கள். மறுநாள் சோறு விறைத்திருக்கும், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகிவிடும்.